மருந்து குடிக்காத சாட்சி

பாட்டுப் பாட வாயைத் திறந்தால் பஞ்சு உள்ளே போகும். அல்லேலூயாவுக்கு நடுவே நாலு பேர் இருமுவது எங்கள் சபையில் ராகத்தோடு சேர்ந்ததுதான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் மாடிக் கொட்டகைதான் அப்போது எங்களுக்கு ஆலயம். முதலாளி நெற்றி நிறைய விபூதி பூசுகிற மனிதர். ஆனாலும், "ஞாயித்துக்கெழம சும்மாதானுங்க கெடக்குது, நீங்க சாமி கும்புட்டுக்கோங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை வரை துணி வெட்டிய "கட்டிங் மேஜை" மறுநாள் பிரசங்க மேடையாகும். துணி மூட்டைகளே இருக்கை; மெத்தென்ற மூட்டையாகப் பார்த்துப் பிடித்துவிட்டால் பிரசங்கம் எவ்வளவு நீண்டாலும் கவலையில்லை.

நான் அஞ்சாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவன், வேதாகமக் கல்லூரி வாசலை மிதித்ததே இல்லை. அப்படியிருந்தும் இன்று என் சபையில் ஞாயிறுக்கு மூன்று ஆராதனை நடக்கிறது, வாசல்வரை நாற்காலி போடுகிறோம், பட்டம் வாங்கிய போதகர்களே வந்து "ஐயா, ஜனம் தூங்காம எப்படிப் பேசறதுங்க?" என்று என்னிடம் கேட்டுப் போகிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன். இந்தப் பேச்சு எனக்குச் சின்ன வயதிலேயே வாய்த்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்யக்கூடாது என்பதையும் அந்தக் கொட்டகையில்தான், பத்து வயதில் கற்றேன்.

பாட்டு முடிந்ததும் பாஸ்டர் ஐயா "சாட்சி உண்டா?" என்று கேட்பார். அந்த வாரம் கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். கேட்ட ஜனம் "ஸ்தோத்திரம்!" என்னும். அந்தச் சத்தத்தை வைத்தே நான் சாட்சியின் தரத்தை எடை போட்டுவிடுவேன். வேலை கிடைத்தது என்றால் சாதாரண ஸ்தோத்திரம், மாடிப்படியில் வழுக்கியும் அடிபடவில்லை என்றால் கொஞ்சம் பெரியது, வியாதி சுகமானது என்றால் தகரக் கூரையே அதிரும். "பரீட்சையில பாஸாயிட்டேன்" என்று நான் ஒருமுறை எழுந்து சொன்னபோது முன்வரிசைப் பெரியவர் ஒருவர் மட்டும், அதுவும் கொட்டாவிக்கு நடுவில், ஸ்தோத்திரம் சொன்னார். அந்த அவமானத்தை என்னால் விழுங்க முடியவில்லை.

பிறகு எனக்கு ரெண்டு நாள் காய்ச்சல் வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அப்போதெல்லாம் நாமேதான் பாட்டில் கொண்டுபோக வேண்டும்; அதில் சிவப்புத் தண்ணி மருந்தை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரிய ஓரத்தில் வெட்டுப்பட்ட காகிதம் ஒட்டித் தருவார்கள். திசையன்விளைப் பக்கமிருந்து பிழைக்க வந்த என் அம்மா, "வாயத் தொறக்கியா, மூக்கப் பிடிக்கட்டாலே?" என்று கேட்டுவிட்டு, நான் திறப்பதற்குள் மூக்கைப் பிடித்து, ஒரு வேளை தவறாமல் ஊற்றினாள். சுகமாகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை, தான் வேலை பார்த்த இன்னொரு கம்பெனியில் அவசர ஆர்டர் என்று அவள் வேலைக்குப் போய்விட்டாள். அவள் இல்லாத தைரியத்தில் நான் எழுந்தேன்.

"எனக்கு அஞ்சு நாளாக் காய்ச்சல். மருந்தை ஒரு சொட்டு தொடல. கர்த்தர் பாத்துக்குவாருன்னு பாட்டிலைச் சாக்கடையில கவுத்திட்டேன். வெள்ளை உடுப்புல ஒருத்தர் வந்து நெத்தியில கை வெச்சாரு. எந்திரிச்சுப் பாத்தா காய்ச்சலைக் காணோம்!"

கூரை அதிர்ந்தது. பெரியவர் கொட்டாவியை மறந்து கையைத் தட்டினார். பாஸ்டர் ஐயா மட்டும் கண்ணாடிக்கு மேலாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பின்வரிசையில் சரசக்கா இருந்ததை நான் கவனிக்கவில்லை. ஊத்துக்குளிக்காரர், கீழ்த்தளத்தில் பனியனில் ஓட்டை பார்க்கும் "செக்கிங்" வேலை. சபையைச் சேர்ந்தவரல்ல, தோழி கூப்பிட்டாள் என்று அன்றுதான் முதல்முறையாக வந்திருந்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அம்மா வேலையிலிருந்து திரும்புமுன், மூன்று வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார்.

"ஏனுங் கண்ணு, பாப்பாவுக்கு நாலு நாளாக் காய்ச்சலு. நீ சொன்னீல்ல, அதே மாதர நானும் மருந்தக் கொட்டிப்போட்டேன். நீ ஒருக்கா கைய வெச்சுக் கும்புட்டுப்போடு சாமி."

ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டாரே! பாஸ்டர் ஐயா மாதிரியே கண்ணை மூடி நெற்றியில் கை வைத்தேன். தோசைக்கல்லாகச் சுட்டது. எனக்குத் தெரிந்த வசனமெல்லாம் சொன்னேன். குரலை உயர்த்தினேன். ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தபோது பாப்பா பாதிக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது, உதடு வெடித்திருந்தது. சரசக்காவோ கைகூப்பி, என்னை நம்பி நின்றார்.

"அக்கா, நா மருந்து குடிச்சேன்."

"என்ன கண்ணு?"

"பொய் சொன்னேன்க்கா. அம்மா மூக்கப் பிடிச்சு ஊத்துனாங்க. எல்லா வேளையும் குடிச்சேன். யாரும் வரல, தொடல."

அறைவார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் அறையவில்லை. "அய்யோ, மருந்தக் கொட்டிப்போட்டனே!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் தெருமுனையில் இருந்த பாஸ்டர் ஐயா வீட்டுக்கு ஓடினேன். நான் சொல்லி முடிக்குமுன் அவர் சட்டையை மாட்டினார். சைக்கிளை எடுத்தார், பின்னால் சரசக்காவையும் பாப்பாவையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். பின்னாலேயே நான் ஓடினேன். "நேத்தே வந்திருக்க வேண்டாமா?" என்று டாக்டரம்மா சத்தம் போட்டுக்கொண்டே ஊசி போட்டார்.

என் அம்மா விஷயம் தெரிந்து அடிக்கக்கூட இல்லை. "மிட்டாய்க்குப் பொய் சொல்லுவ, சரி. ஒரு பிள்ள உசுரு மேலயாலே சொல்லுவ?" என்றாள். பாப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாளும் நான் விடியற்காலையில் யாரும் எழுப்பாமலே எழுந்து உண்மையாகவே ஜெபித்தேன். அதற்கு முன் நான் செய்ததெல்லாம் பாடம் ஒப்பித்ததுதான். நாலாம் நாள் பாப்பா கஞ்சி கேட்டது என்று சேதி வந்தபோது, கம்பெனிப் படிகளை ரெண்டு ரெண்டாகத் தாவி மேலே ஓடினேன், மேலே எனக்கு ஒரு வேலையும் இல்லாவிட்டாலும்.

பாஸ்டர் ஐயா சொன்னது ஒன்றுதான்: "தம்பி, உனக்கு வாய் இருக்கு. அது யாரு வீட்டுக்குள்ள போயி உக்காருதுன்னு இனிமே பாத்துக்கோ."

அடுத்த ஞாயிறு அவர் "சாட்சி உண்டா?" என்று கேட்டுவிட்டு வேறெங்கும் பார்க்காமல் என்னைப் பார்த்தார். அம்மா பக்கத்தில் இருந்தாள். எழுந்து, நான் பொய் சொன்னதையும், மருந்து குடித்ததையும், பாப்பா பட்ட பாட்டையும் சொன்னேன். ஒரு ஸ்தோத்திரம் வரவில்லை. இருமல்கூட வரவில்லை. அப்போது பின்வரிசையிலிருந்து, எங்கள் வழக்கமெல்லாம் சரியாகத் தெரியாத சரசக்கா, பாப்பாவை இடுப்பில் வைத்தபடி எழுந்து, "ஸ்தோத்திரமுங்க!" என்றார். சபையே சிரித்துவிட்டது. என் ஊழியத்தில் எத்தனையோ பெரிய ஸ்தோத்திரங்களைக் கேட்டிருக்கிறேன், மரியாதையோடு வந்தது அது ஒன்றுதான்.

அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது நாலு மாடிக் கம்பெனி. மூன்று ஆராதனைக்கு நடுவே சாட்சி நேரமும் சுருங்கிப்போனது. பாதிப் பேர் பின்னணி இசையோடு வீடியோவாக அனுப்புகிறார்கள், சின்னப் பிள்ளைகள் எழுந்திருப்பதே இல்லை. இருந்தாலும் ரெண்டாவது ஆராதனையில் அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. வியாதி சுகமானது என்று யார் சொன்னாலும் நான் உடனே ஸ்தோத்திரம் சொல்ல மாட்டேன். "மருந்து குடிச்சீங்களா?" என்று மைக்கிலேயே கேட்பேன்.

போன வாரம் ஒடிசாவிலிருந்து வந்த தையல்காரப் பெண் ஒருத்தி, காய்ச்சல் விட்டது என்று இந்தியில் சாட்சி சொன்னாள். என் கேள்வியைப் பக்கத்திலிருந்தவன் இந்தியில் சொன்னதும், சிரித்துக்கொண்டே பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து உயர்த்திக் காட்டினாள். அதில் இன்னும் நாலு மாத்திரை பாக்கி இருந்தது.

"அதையும் முழுங்கி முடிச்சிட்டு அடுத்த வாரம் வாம்மா," என்றேன், "சாட்சியை முழுசாக் கேப்போம்."