குழாய்க்குள் படிந்த கரி

அந்த வீட்டின் பெரிய மருமகள் திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை பார்த்தவள். மணமாகி வந்த முதல் குளிர்காலத்திலேயே கூடத்தில் குளிர்காய வைத்திருந்த இரும்பு விறகடுப்பு அவள் பொறுப்புக்கு வந்துவிட்டது. அதன்பின் வேறு எவரும் அதைத் தொட்டதில்லை. சாம்பலை முற்றிலும் வழித்துவிடாமல் விரற்கடை அளவுக்கு மெத்தைபோல் விட்டு, மீதியை மூடியுள்ள தகர வாளியில் அள்ளி வெளியே வைப்பாள். அடுப்புக் கதவின் இடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்துச் சாத்தி, இழுத்துப் பார்ப்பாள். காகிதம் நழுவி வந்தால் காற்றுப் புகாதபடி கதவைச் சுற்றிப் பதித்த கயிறு தளர்ந்துவிட்டது என்று பொருள், உடனே மாற்றிவிடுவாள். குளிர் தொடங்குமுன் புகைக்குழாயைக் கழற்றி, நீண்ட தூரிகையை விட்டுக் கரியை உதிர்ப்பாள். கதவுக் கண்ணாடியை மட்டும் அவள் பொருட்படுத்தியதில்லை. அது பழுப்பேறிக் கிடந்தது. அடுப்பு சூடு தருவதற்கா, முகம் பார்ப்பதற்கா என்பது அவள் கட்சி.

இளைய மருமகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தவள். வந்த சில நாட்களிலேயே, ஈரக் காகிதத்தைச் சாம்பலில் தோய்த்து அந்தக் கண்ணாடியைத் தேய்த்துத் துடைத்துவிட்டாள். மாலையில் வீடு திரும்பியவர்கள் கூடத்திலேயே நின்றுவிட்டார்கள். உள்ளே தீ ஆடுவது முதன்முறையாகத் தெரிந்தது.

"நம்ம அடுப்புக்குப் பார்வை வந்துடுச்சே," என்றான் பெரியவளின் கணவன். "இத்தனை வருஷமா கண்புரையோட கிடந்திருக்கு, பாவம்."

"சின்னவ கை பட்டதும் கூடமே வெளிச்சமாயிடுச்சு," என்றாள் மாமியார், நாற்காலியை அடுப்பருகே இழுத்துப் போட்டுக்கொண்டு.

அன்று அடுப்பில் எரிந்ததைவிடப் பெரியவளின் வயிற்றில் எரிந்ததே அதிகம். குழாயின் உட்புறத்தை எவர் எட்டிப் பார்த்தார்கள்? கயிறு மாற்றியதற்கு எவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்? அதிலும் கட்டிய கணவனே கண்புரை என்று சொன்னதுதான் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

பின்கட்டு விறகுக் கொட்டகையில், மழையில் நனைந்த விறகை அடுத்த குளிருக்கென்று அவளே ஒதுக்கி வைத்திருந்தாள். இப்போது மாலைதோறும் அதிலிருந்து சில கட்டைகளை உலர்ந்தவற்றோடு கலந்து எடுத்து வரலானாள். ஈர விறகு சீறிப் புகைந்தது. விடிவதற்குள் கண்ணாடி கன்னங்கரேலென்று ஆகிவிடும்.

"இன்னிக்கும் கறுத்துடுச்சா?" என்று பெரியவள் பரிவோடு கேட்பாள். "கண்ணாடின்னா அப்படித்தாம்மா. அதான் நான் அதோட மல்லுக்கு நிக்கறதே இல்ல."

"பரவால்லக்கா. துடைச்சா போயிடுது," என்பாள் சின்னவள், காகிதத்தை நனைத்தபடி.

கண்ணாடியைக் கறுக்கவைக்கும் புகை குழாய் வழியாகத்தான் போயாக வேண்டும் என்பது அந்த வீட்டில் பெரியவளுக்குத் தெரிந்த அளவு வேறு எவருக்கும் தெரியாது. பொறாமை அவள் கண்ணை மறைத்துவிட்டது. ஒரு மாலை, தீ மூட்டியதும் புகை மேலே போகாமல் கூடத்துக்கே திரும்பியது. மாமியார் இருமித் தவித்தாள். சன்னல்களைத் திறந்துவிட்டுக் குளிரில் எல்லோரும் நடுங்கினார்கள்.

"எல்லாம் உன் வேலைதான்," என்று கொழுந்தன் தன் மனைவியிடம் சீறினான். "சும்மா கிடந்ததை நோண்டி நோண்டிக் கெடுத்துட்ட. அண்ணி பாத்துக்கிட்ட வரைக்கும் ஒரு நாளாவது இப்படிப் புகைஞ்சிருக்கா?"

இந்தச் சொல்லுக்காகத்தான் பெரியவள் காத்திருந்தாள். கேட்டபோது இனித்தது, சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது அந்த இனிப்பு கசந்தது.

மறுநாள் அடுப்பு ஆறியபின் பெரியவள் குழாயைக் கழற்றினாள். சின்னவள் கீழே சாக்கைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே கரி பொடியாக இல்லை. தார் பூசியதுபோல் இறுகிப் பளபளத்தது. ஈர விறகு எரித்தால் மட்டுமே அப்படிப் படியும்.

"இது என்னக்கா, இப்படி மினுங்குது?"

"பழைய அழுக்கு," என்றாள் பெரியவள், முகத்தைக் குழாயின் பக்கம் திருப்பிக்கொண்டு. கை நோகும்வரை சுரண்டினாள்.

அதன்பின் உலர்ந்த விறகு மட்டுமே உள்ளே போனது. தீ குழாயை நோக்கி வேகமாக இழுபட்டு எரிந்தது. கண்ணாடியில் கரி ஒட்டவேயில்லை. நாற்காலிகள் மீண்டும் அடுப்பைச் சுற்றி வந்தன.

"பாத்தியா," என்றான் கணவன். "சின்னவ துடைக்கற துடைப்புல கரியே பயந்து ஓடிடுச்சு."

குழாயைச் சுத்தம் செய்ததால்தான் கண்ணாடி தெளிந்தது என்று சொல்லப் பெரியவளின் நாக்கு துடித்தது. அதைச் சொன்னால் குழாய் ஏன் அடைத்தது என்பதையும் சொல்ல வேண்டிவரும். விறகெடுக்கக் கொட்டகைக்குப் போனாள்.

அங்கே நனைந்த விறகு பழைய இடத்தில் இல்லை. யாரோ அதைக் கடைசிச் சுவரோரம் நகர்த்தி, தார்ப்பாயால் மூடி, உலர்ந்ததைக் கைக்கெட்டும் இடத்தில் அடுக்கியிருந்தார்கள். அடுக்கிய விதம் அவளுடையதல்ல. கணவனுக்கும் கொழுந்தனுக்கும் கொட்டகையில் விறகு எங்கே இருக்கிறதென்றே தெரியாது.

அப்படியானால் சின்னவள்தான். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருக்கலாம். கைராசியோடு இந்த அடக்கத்தையும் ஆண்டவன் அவளுக்கே கொடுத்திருக்கிறானே என்று பெரியவளுக்கு ஆற்றாமை பொங்கியது.

அவள் திரும்பியபோது சின்னவள் அடுப்பின் முன் காகிதத் துண்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, காகிதம் நழுவுது. கயிறு மாத்தணுமோ?"

பெரியவள் விறகை இறக்கி வைத்தாள். காகிதத்தைத் தானும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"ஆமா, மாத்தணும். அதை நான் பாத்துக்கறேன். நீ கண்ணாடியைத் துடை."

சொல்லும்போதும் வயிறு கொஞ்சம் எரியத்தான் செய்தது.