தபசு மரத்தில் ஏறிய ஒயர் இல்லாத மைக்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். நான் படித்தது எட்டாவது வரைக்கும்தான், அது ஒரு காரணம். இதில் மற்றவர்களுடைய வேண்டுதல் கலந்திருக்கிறது, அது பெரிய காரணம். அதைக் காதில் வாங்கிய கூத்து வாத்தியார் காலமாகிவிட்டார். என் மனைவியிடம் கேட்டேன். "நடந்தத நடந்தமாதிரி எழுதுறதா இருந்தா எழுதுங்க" என்றாள். அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை செய்தேன். லீவு நாட்களில் பாயின் சவுண்டு சர்வீஸுக்குப் போய் ஆம்ப்ளிஃபயரில் உட்காருவேன். பாயும் நானும் ஒரே தெரு. கல்யாணம், மீலாது, கட்சிக் கூட்டம், அம்மன் திருவிழா எல்லாவற்றுக்கும் அவருடைய ஹாரன்கள்தான் கட்டப்படும்.

எனக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரிக்கும் போய்ப் பார்த்தாயிற்று, கோயில் கோயிலாகவும் சுற்றியாயிற்று. என் அம்மா இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொள்ளச் சொல்லி சொந்தக்காரர்களை விட்டுப் பேசவைத்தாள். முடியாது என்று அம்மாவிடம் தீர்த்துச் சொல்லிவிட்டேன். அந்தப் பேச்சே என் மனைவியின் காதுக்குப் போகவில்லை என்று நினைத்திருந்தேன். அதனால் நான் மறுத்ததையும் அவளிடம் சொல்லவில்லை. அந்த வருஷம் பாரதம் நடக்கும்போது தபசு மரத்தடியில் விழுந்து வேண்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். சரி என்றேன்.

எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மனுக்குப் பாரதம் வைத்தால் அர்ச்சுனன் தபசு என்று ஒரு நாள் வரும். உயரமான பனைமரத்தை நட்டு, படிக்குப் படி குறுக்குக் கட்டை அடித்திருப்பார்கள். அர்ச்சுனன் வேஷம் கட்டிய வாத்தியார் ஒவ்வொரு படியிலும் ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு ஏறுவார். உச்சியில் சின்னப் பரண் இருக்கும். அங்கே கற்பூரம் ஏற்றி, எலுமிச்சம்பழமும் வில்வமும் கீழே வீசுவார். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் ஈரச் சேலையோடு மரத்தைச் சுற்றிக் குப்புற விழுந்து கிடப்பார்கள்.

எங்கள் ஊரில் கூடுதலாக ஒரு வழக்கம் உண்டு. வாத்தியார் மரத்தில் கை வைக்கும் முன் அந்தப் பெண்கள் ஒவ்வொருத்தியும் அவர் காதில் தன் குறையைச் சொல்வாள். உச்சிக்குப் போனதும் அவர் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைப்பார். அவர் அங்கே என்ன சொல்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. சின்ன வயதிலிருந்தே எனக்கு அதைத் தெரிந்துகொள்ள ஆசை. மைக் ஒயர் நாலாம் படிக்கு மேல் எட்டாது, காலிலும் சிக்கும். அதனால் மேலே போகப் போக அவர் பாட்டே கீழே கேட்காது. கூட்டம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும்.

பாயின் மச்சான் துபாயிலிருந்து வந்தபோது ஒரு பெட்டி கொண்டுவந்தார். அதற்குள் சிகரெட் பாக்கெட் அளவில் ஒரு டிரான்ஸ்மிட்டர், அதிலிருந்து போகும் ஒயரின் நுனியில் சட்டையில் குத்திக்கொள்கிற கொட்டைப்பாக்கு சைஸ் மைக், கீழே வால் மாதிரி தொங்கும் ஏரியல் ஒயர். ரிசீவர் தனி. அதை ஆம்ப்ளிஃபயரில் சொருக வேண்டும்.

"இத இடுப்புல கட்டிக்கினு ஏலகிரிக்குப் போனாலும் இங்க பேசும்னு சொல்றான்பா" என்றார் பாய். "துபாய் போனவன் பேச்சுல பாதி கழிச்சிக்கணும்."

கழித்துத்தான் பார்த்தோம். பேட்டரியை நாக்கில் வைத்து, சுருக்கென்று கடிக்கிறதா என்று பார்த்துப் போட்டேன். பாய் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு பாலாற்று மணலில் நடந்தார். ஏரியல் வாலைச் சுருட்டி உள்ளே திணித்தால் கரகரவென்றது, நேராகத் தொங்கவிட்டால் தெளிந்தது. அவர் முதுகைக் காட்டித் திரும்பினால் சத்தம் விட்டுவிட்டு வந்தது. ரிசீவரைத் தரையிலிருந்து எடுத்து மூங்கில் கழியில் கட்டியதும் அதுவும் சரியானது. மைக்கை வாய்க்குக் கிட்டே வைத்தால் மூச்சு புஸ்ஸென்று அடித்தது. நெஞ்சுக்கு நடுவில் குத்தியதும் குரல் குரலாக இருந்தது. ஹாரனுக்கு முன்னால் போனால் ஊளையிட்டது. ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கிறபோது எனக்குப் பசியே தெரியவில்லை.

ஒயர் இல்லாமல் குரல் எப்படிக் காற்றில் நடந்து வருகிறது என்று பாயைக் கேட்டேன்.

"துவா, வேண்டுதல் எல்லாம் எப்டி போவுதோ அப்டித்தான். எனக்கு மட்டும் இன்னா தெரியும்" என்றார்.

சோதனை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு பாய் சுவிட்சை அணைக்காமல், காலையில் சால்னாவில் உப்பு ஜாஸ்தி என்று மச்சானிடம் குறைப்பட்டுக்கொண்டார். ஹாரன் அதைத் தெருவுக்கே சொன்னது. பாயின் மனைவி, எங்களுக்கெல்லாம் பாபி, மத்தியானச் சால்னாவை உப்பே போடாமல் அனுப்பிவைத்தார்.

அதனால் சுவிட்சில் நான் கவனமாக இருந்தேன். கம்பெனியில் கேட்டு வாங்கிய லைனிங் துண்டில் ஒரு பை தைத்தேன். நல்ல ஆட்டுத்தோல், துணி மாதிரி மெத்தென்று இருக்கும். பை இடுப்பில் நிற்க அதே தோலில் பெல்ட். சுவிட்சுக்கு நேராக ஒரு ஓட்டை. ஒரு படி பாடி முடிந்ததும் அணைக்கலாம், அடுத்ததற்குப் போடலாம். மரம் ஏறும் முன் பெண்கள் வாத்தியார் மேல் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். தோல் அதையும் தாங்கும் என்று மனதுக்குள் பெருமையாக இருந்தது.

தபசு அன்று காலை அதை வாத்தியாரிடம் கொடுத்தேன். காவி கட்டி, ருத்திராட்சம் போட்டு உட்கார்ந்திருந்தவர் பையைத் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார்.

"இன்னா இது, தோலா?"

"ஆமா வாத்தியாரே. ஆட்டுத்தோல், லைனிங் சரக்கு."

"காப்பு கட்டிக்கினு விரதம் இருக்கறேன். இத இடுப்புல கட்டிக்கினு நான் ஈஸ்வரன்கிட்ட போவணுமா?"

காலையிலிருந்து சாயந்திரம் வரை தோலிலேயே புழங்குகிறவனுக்கு அது தோல் என்கிற நினைப்பே வரவில்லை. எங்கள் ஊரில் பை என்றால் தோல், பெல்ட் என்றால் தோல். நானும் சாமி கும்பிடுகிறவன்தான். பூஜைக்கு நிற்கும்போது இடுப்பு பெல்ட்டைக் கழற்றி வைக்கிற வழக்கமும் எனக்கு உண்டு. இருந்தும் தோன்றவில்லை.

பாய் எனக்காகப் பேசினார். "மத்தளத்துல தோல் இல்லியா வாத்தியாரே?"

"அது கீழ இருக்குது பாய். நான் மேல போறேன்."

பாய் வண்டியிலிருந்து ஒரு புது லுங்கியை எடுத்துவந்தார். குடியாத்தத்தில் வாங்கியது, மடிப்புகூடக் கலையவில்லை. "கோடித்துணி. இது ஆவுமா?" என்றார். வாத்தியார் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதை நீளமாகக் கிழித்தோம். துணி தண்ணீரைத் தாங்காது, ஆகையால் டிரான்ஸ்மிட்டரை ஷூ டப்பாவில் போடுகிற பாலித்தீன் உறைக்குள் வைத்து வாயைச் சுருட்டிக் கட்டினேன். ஏரியல் வாலை மட்டும் வெளியே விட்டேன். லுங்கித் துண்டால் இடுப்பில் மூன்று சுற்று சுற்றி முடிச்சுப் போட்டேன். மைக்கை ருத்திராட்ச மாலையில் கோத்தேன். சுவிட்ச் உள்ளே போய்விட்டது. இனி அவர் இறங்கும்வரை அது அணையாது. சத்தத்தை நான்தான் ஆம்ப்ளிஃபயரில் ஏற்றி இறக்க வேண்டும். அதனால் ரிசீவரில் இருந்த இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டேன். பெண்கள் அவர் காதில் குறையைச் சொன்ன நேரம் முழுக்க இயர்போனைக் கழற்றிவிட்டு, ஆம்ப்ளிஃபயரையும் அணைத்தே வைத்திருந்தேன். அது எனக்குரியதல்ல. என் மனைவியும் அவர் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போய் மரத்தடியில் விழுந்தாள். மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். மைக்கை வாத்தியார் கையால் பொத்திக்கொண்டார், பாலித்தீன் தாங்கியது.

ஆம்ப்ளிஃபயரைப் போட்டு இயர்போனை மறுபடி மாட்டினேன், அவர் ஏற ஆரம்பித்தார். நாலாம் படி தாண்டியது. குரல் குறையவில்லை. அவர் மேலே போகப் போக ஆள் சின்னதாகத் தெரிந்தார். குரல் மட்டும் பக்கத்தில் நின்று பாடுகிற மாதிரி இருந்தது. கிழவர்கள் ஹாரனைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பாய் என் முதுகில் தட்டினார்.

உச்சியில் கற்பூரம் ஏற்றினார். கண்ணை மூடினார். உதடு அசைந்தது.

"ஈஸ்வரா, கிணத்தண்ட வூட்டு மருமவ கேக்கறா..." என்று ஹாரன் பேசியது.

கீழே கிடந்த ஒரு பெண் தலையைத் தூக்கினாள். நான் குமிழைத் திருகி அடியோடு இறக்கினேன்.

"இன்னாபா, சவுண்டு கட்டாயிடுச்சா?" என்றார் பாய். கூட்டத்திலும் சலசலப்பு. பொறு என்று கையை மட்டும் காட்டினேன்.

இயர்போனை என்னால் கழற்ற முடியவில்லை. அவர் மறுபடி பாட ஆரம்பிக்கும் நொடியில் குமிழை ஏற்றியாக வேண்டும். ஆக, அவர் சொன்னதெல்லாம் என் காதில் விழுந்தது. மந்திரம் எதுவும் இல்லை. தாசில்தாரிடம் மனு கொடுப்பவன் மாதிரி, ஒருத்தியையும் விடாமல், அவளுடைய வார்த்தையிலேயே சொன்னார். மற்ற பெண்கள் கேட்டதை இங்கே எழுத மாட்டேன். என் மனைவி கேட்டதை அவள் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

"ஈஸ்வரா, மைக்செட்காரன் பொஞ்சாதி. இது புள்ள கேக்கல. அந்த வூட்டுக்கு இன்னொருத்தி வந்தாலும், தன்ன வெளிய அனுப்பாம ஒரு மூலையில இருக்க வுடணும்னு கேக்குது. பாத்துக்க."

பிறகு பாட ஆரம்பித்திருக்கிறார். எனக்குத் தெரியவில்லை. பாய்தான் என் கையைப் பிடித்துக் குமிழை ஏற்றினார். எலுமிச்சம்பழங்கள் விழுந்துகொண்டிருந்தன.

வாத்தியார் இறங்கியதும் முடிச்சை அவிழ்க்கச் சொல்லி பாயிடம் விட்டுவிட்டு அவளைத் தேடிப் போனேன். குழாயடியில் சேலை முந்தானையைப் பிழிந்துகொண்டு நின்றாள்.

"எங்கம்மாகிட்ட அப்பவே சொல்லிட்டேன்" என்றேன். "நம்ப வூட்டுக்கு இன்னொருத்தி வரமாட்டா. நீதான்."

என்னையே பார்த்தாள். "எல்லாருக்கும் கேட்டுதா?"

"எனக்கு மட்டுந்தான். சவுண்ட இறக்கிட்டேன்."

"அப்பவே சொன்னீங்களா? எப்போ?"

"மாசி மாசமே."

"மாசியிலிருந்து நான் தூங்கல" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இந்தச் சங்கதி இப்போது எங்கள் பக்கத்தில் வேறு வேறு மாதிரி சுற்றுகிறது. உச்சியில் சத்தம் நின்றது அம்மன் செயல் என்கிறார்கள். நிறுத்தியது என் கை. ஒயர் இல்லாத பெட்டி தானாகவே பேசியது என்கிறார்கள். பேசியது வாத்தியார். அடுத்த வருஷமே எங்களுக்குப் பிள்ளை பிறந்தது என்றும் சொல்கிறார்கள். பிறக்கவில்லை. இதுவரை இல்லை. அவள் கேட்டது பிள்ளை இல்லை, கேட்டது கிடைத்தது. அதற்காக வருஷா வருஷம் இரண்டு பேரும் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறோம்.

படிக்கிறவர்கள் இதை மற்றவர்களுக்குச் சொல்வதானால் இப்படியே சொல்லுங்கள். கேட்கிறவருக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று எங்கள் மடியில் ஒரு குழந்தையைக் கொண்டுவந்து வைக்காதீர்கள். அவள் கேட்காததைக் கேட்டதாகச் சொல்லாதீர்கள்.