மெத்தைக்குள் அடித்த டிரம்ஸ்

அந்தப் பதிவின் அடியில், எழுதியவரின் புனைபெயருக்குக் கீழே, மதுரை என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். மதுரைதான். எழுபதுகளில் இங்கிலாந்தில் ஐந்து இளைஞர்கள் சேர்ந்து செய்த ஒரு ராக் ஆல்பத்தைப் பற்றி, உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் ரசிகர்கள் வந்து சண்டை போடும் இணையதளம் அது. இசை அபாரம் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஒலிப்பதிவைப் பற்றித்தான் வழக்கு. டிரம்ஸ் மெத்தைக்குள் வைத்து அடித்தது போல இருக்கிறது, பாடுகிறவர் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார், பேஸ் கிட்டார் எல்லாவற்றின் மேலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது, நல்ல ஆல்பத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்பது ஒரு கட்சி. அந்த மங்கல்தான் அதன் உயிர், அதைத் துடைத்தால் மிச்சமொன்றும் இருக்காது என்பது மறு கட்சி. நான் முதல் கட்சி. மதுரைக்காரர் இரண்டாவது கட்சி. அன்று நான் எழுதியிருந்ததை வரிக்கு வரி மறுத்திருந்தார்.

எனக்கு அப்போது நாற்பது கடந்திருந்தது. ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. ஞானஒளிவுபுரத்தில் அம்மா விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தேன். அந்த ஆல்பம் கல்லூரி விடுதியில் ஒரு தோழியின் கேசட்டாக என்னிடம் வந்தது. தோழி பிறகு எங்கோ போய்விட்டாள், கேசட்டும் தேய்ந்துவிட்டது, ஆனால் கேட்கும் பழக்கம் போகவில்லை. அதைப் பற்றிப் பேச எனக்கு ஒருவரும் இருந்ததில்லை. பள்ளியில் ஒருமுறை சக ஆசிரியையிடம் அலைபேசியில் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "பாட எப்ப ஆரம்பிப்பாங்க டீச்சர்?" என்றார். அதன்பின் யாருக்கும் போட்டுக் காட்டவில்லை. ஆகவே அந்த மதுரை என்ற சொல்லைப் பார்த்ததும், மறுத்து எழுதியிருக்கிறாரே என்ற கோபம்கூட வரவில்லை. இந்த ஊரில் இன்னொரு ஆள் இருக்கிறார் என்பது மட்டும்தான் மனதில் நின்றது.

அன்றிரவே அந்த மதுரைக்காரருக்குத் தனியாகச் செய்தி அனுப்பினேன். அவர் கப்பலூர் தொழிற்பேட்டையில் கதவுக் கீலும் கொண்டியும் செய்யும் ஒரு சிறிய ஆலையின் முதலாளி. என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். சந்தித்த அன்றே அவர் எனக்கு அண்ணன் ஆகிவிட்டார், நான் அவருக்கு டீச்சர். ஆலையின் மாடியில் ஓர் அறையில் அவருடைய ரெக்கார்டு பிளேயரும், ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான இரண்டு ஸ்பீக்கர்களும் இருந்தன. வாரம் முழுக்கக் கீழே தகடு வெட்டும் பிரஸ்கள் இடித்துக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு. மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் நான் பெரியார் நிலையம் வந்து திருமங்கலம் பஸ் பிடித்துப் போவேன். சிறிது காலத்தில் மூன்றாவதாக ஒருவர் சேர்ந்தார். சோழவந்தானிலிருந்து பைக்கில் வரும் பல் டாக்டர். எங்களைவிட இளையவர். அவருடைய அப்பா ஊரில் மற்றவர்களின் வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்கு நின்றவர், பிறகு சொந்தமாகவே கொடிக்கால் போட்டார். டாக்டர் வரும்போதெல்லாம் ஒரு கட்டு வெற்றிலை கொண்டுவந்து, "அண்ணிட்ட குடுத்துருங்கண்ணே" என்று மேசையில் வைப்பார். அண்ணி திருநகர் வீட்டில் இருந்தார். எங்களுக்குப் பலகாரம் கொடுத்தனுப்புவார், ஆலைப் பக்கம் வரமாட்டார்.

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அந்த ஒரே ஆல்பத்தைக் கேட்டோம். இடையில் வேறு எதையாவது போடுவோம், ஆனால் பேச்சு அதற்கே திரும்பும். டாக்டர் என் கட்சி, என்னைவிடத் தீவிரம். ஊசி ரெக்கார்டில் இறங்கி முதல் டிரம்ஸ் அடி விழுந்ததுமே முகத்தைச் சுளிப்பார். நான் அதிர்வெண், எதிரொலி என்று பாடம் எடுப்பேன். அண்ணன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில்தான் வாயைத் திறப்பார். "அம்புட்டுப் பேரும் சின்ன ரூம்ல நெருக்கியடிச்சு உக்காந்து வாசிக்கிறானுங்க மாப்ள. அதைக் கழுவி வெயில்ல காயப்போட்டா அந்த ரூமு எங்க போகும்?" அதற்கு டாக்டர் பதில் சொல்ல, நான் குறுக்கே விழ, டீ ஆறிப்போகும். அந்த அறையில் நான் சத்தம் போட்டுப் பேசுவேன். பள்ளியிலோ வீட்டிலோ அப்படிப் பேச எனக்கு ஒரு காரணம் இருந்ததில்லை.

பிறகு ஒரு வருடம் அந்த ஆல்பத்தின் புதிய பதிப்பு வெளிவந்தது. பழைய ஒலிநாடாக்களை எடுத்து, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியே பிரித்து, மறுபடி கலந்து செய்தது. உலகம் முழுக்க எங்கள் கட்சி கொண்டாடியது. டாக்டர் அதை வரவழைத்துக் கொண்டுவந்த ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டிரம்ஸ் மெத்தையிலிருந்து வெளியே வந்திருந்தது. பாடகர் கதவைத் திறந்துகொண்டு அறைக்குள் வந்திருந்தார். இரண்டாம் பக்கத்தில் புல்லாங்குழல் தொடங்குவதற்குச் சற்றுமுன், வாசிக்கிறவர் மூச்சை உள்ளே இழுப்பது துல்லியமாகக் கேட்டது. இத்தனை வருடம் அந்த மூச்சு மங்கலுக்குள் கிடந்திருக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அண்ணன் மட்டும் தலையை ஆட்டிவிட்டு, "பழசுதான் நல்லாருக்கு" என்றார்.

டாக்டருக்கு விளையாட்டாக ஒரு யோசனை தோன்றியது. அண்ணன் சுவரைப் பார்த்து உட்காரவேண்டும். டாக்டர் பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போடுவார். எது எது என்று அண்ணன் சொல்லவேண்டும். அண்ணன் சிரித்துக்கொண்டே நாற்காலியைத் திருப்பிப் போட்டார். முதல் தடவை சரியாகச் சொன்னார். அடுத்தது தவறு. அதற்கடுத்ததும் தவறு. டாக்டர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பிறகு புல்லாங்குழல் வரும் இடத்தைப் போட்டு, "இப்ப அந்த மூச்சு கேட்டுச்சாண்ணே?" என்றார். அண்ணன் சுவரைப் பார்த்தபடியே, "கேட்டுச்சு மாப்ள, சுத்தமா கேட்டுச்சு" என்றார். டாக்டர் போட்டிருந்தது பழைய பதிப்பு. அதில் அந்த மூச்சு கேட்காது. டாக்டரின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வடிந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நாங்கள் சொல்லாததை அவரே சொன்னார். நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, காதைத் தொட்டுக் காட்டி, கீழே பிரஸ்கள் இருக்கும் தரையை விரலால் சுட்டினார். "அதுக தின்னுபோட்டுச்சு. கீச்சுன்னு மேல போற சத்தம் எதுவும் எனக்கு விழுகாது. ரொம்ப வருசமாச்சு." பிறகு, எங்களைச் சமாதானப்படுத்துகிறவர் போலச் சொன்னார்: "நான் இங்க ஓடுறதைக் கேக்கல டீச்சர். இருபது வயசுல முதமுதக் கேட்டேன்ல, அதைத்தான் கேக்குறேன். பாட்டு ஓடுனாப் போதும், மிச்சம் எனக்கு ஞாவகத்துல இருக்கு."

அன்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அழுகை வந்தது. அடுத்த ஞாயிறு டாக்டரும் நானும் பேசிவைத்துக்கொள்ளாமலேயே ஒரே மாதிரி நடந்துகொண்டோம். அண்ணன் எது சொன்னாலும் ஆமாம் என்றோம். பழையதில் ஒரு நெருக்கம் இருக்கத்தான் செய்கிறது என்றேன் நான். புதியது கொஞ்சம் பளபளப்பு அதிகம் என்றார் டாக்டர். அதற்கடுத்த வாரமும் அப்படியே. பேச்சு சீக்கிரம் முடிந்தது. டீ சூடாகவே குடித்தோம். அதற்குப் பின் ஒரு நாள் அண்ணன் அலைபேசியில் அழைத்து, ஆர்டர் நிறைய வந்திருக்கிறது, இனி ஞாயிற்றுக்கிழமையும் ஆலை ஓடும், கொஞ்ச நாளைக்கு வரவேண்டாம் என்றார்.

நான் நம்பினேன். பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, சமைத்து, சாப்பிட்டு, துணி மடித்து, மாலை வருவதற்குக் காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை இவ்வளவு நீளம் என்பது மறந்துபோயிருந்தது. டாக்டருக்கு ஒன்றிரண்டு முறை செய்தி அனுப்பினேன். அவர் ஒரு கைகூப்பும் படத்தை அனுப்பினார். சில வாரங்கள் பொறுத்துவிட்டு ஒரு ஞாயிறு வழக்கமான பஸ்ஸில் ஏறினேன். கப்பலூரில் இறங்கி ஆலையை நெருங்கும்போதே தெரிந்துவிட்டது. ஒரு பிரஸ்ஸும் ஓடவில்லை. மாடியில் அண்ணன் தனியாக உட்கார்ந்திருந்தார். ரெக்கார்டு பிளேயரின் மூடிகூடத் திறந்திருக்கவில்லை.

என்னைப் பார்த்ததும் அவருக்குக் கூச்சமாகிவிட்டது. வாங்க டீச்சர் என்று எழுந்தார். ஏன் பொய் சொன்னீர்கள் என்று நான் கேட்பதற்கு முன் அவரே சொன்னார். "நீங்க ரெண்டு பேரும் எனக்கு விட்டுக் குடுத்துப் பேசுறீங்க. நோயாளியப் பாக்க வந்த மாதிரி இருக்கு. அதுக்கு எதுக்கு இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வரணும்?"

நான் நேராகப் போய் பிளேயரின் மூடியைத் திறந்து ஊசியை வைத்தேன். முதல் டிரம்ஸ் அடி விழுந்தது. எனக்குள் எங்கிருந்தோ ஒரு கோபம் கிளம்பியது. அது நடிப்பில்லை. "உங்க காது எப்படியும் இருக்கட்டும் அண்ணே. இந்த டிரம்ஸ் தப்பு. உங்களுக்கு இருபது வயசா இருந்தப்பவும் இது தப்பாத்தான் இருந்துச்சு. நீங்க சின்னப் பையனா இருந்தீங்க, உங்களுக்குத் தெரியல" என்றேன்.

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். நரைத்த புருவம் இரண்டும் மேலே போயின. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, எனக்கு டிரம்ஸைப் பற்றி என்ன தெரியும் என்று ஆரம்பித்தார். கோயிலில் ஆர்கன் கேட்டே வளர்ந்தவளுக்கு எல்லாச் சத்தமும் கல் மண்டபத்தில் எதிரொலிப்பது போல வேண்டும் என்றார். நான் என் அம்மாவிடம்கூட அப்படிச் சண்டை போட்டதில்லை. நடுவில் அவரே டாக்டரை அழைத்து, "மாப்ள, இந்த டீச்சர் பேசுற பேச்சைக் கேக்க முடியல, கிளம்பி வா" என்றார். டாக்டர் தூக்கத்திலிருந்து எழுந்தவர் போல வந்து சேர்ந்தார். வாசலில் நின்று எங்கள் இருவர் குரலையும் கேட்டுவிட்டுத்தான் ஹெல்மெட்டைக் கழற்றினார். பிறகு அவரும் சண்டையில் இறங்கிவிட்டார்.

அதற்குப் பின் மூன்று வருடத்துக்கு மேல் அந்த ஞாயிறுகள் நடந்தன. அண்ணனுக்குக் காது இன்னும் மங்கியது. நாங்கள் கத்திப் பேசினோம். ஒரு வாரமும் அவருக்கு விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு ஒரு மழைக்காலத்தில், திருநகர் வீட்டில், காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆலையை வேறொருவர் வாங்கிக்கொண்டார். டாக்டர் கல்யாணமாகி மஸ்கட்டுக்குப் போனார். போன புதிதில் அடிக்கடி பேசுவார். இப்போது பண்டிகைகளுக்கு வாழ்த்து வருகிறது. நான் பணி ஓய்வு பெற்றேன். இணையதளத்தில் அதே சண்டை இன்றும் நடக்கிறது. யார் யாரோ புதியவர்கள். நான் படிப்பதோடு சரி.

சென்ற மாதம் ஒரு பிற்பகலில் வாசலில் ஆட்டோ நின்றது. அண்ணி இறங்கினார். துக்க வீட்டில் பார்த்ததற்குப் பிறகு அப்போதுதான் பார்க்கிறேன். என் வீட்டுக்கு அவர் வருவது அதுவே முதல் தடவை. பக்கத்தில் ஒரு விசேஷத்துக்கு வந்ததாகச் சொன்னார். காபி குடித்தார். பெங்களூரிலிருக்கும் மகளைப் பற்றிப் பேசினார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "டீச்சர், நீங்க மூணு பேரும் சண்டை போடுவீங்களே ஒரு பாட்டு, அது உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "எனக்கு அதைப் போட்டுக் காட்டுவீங்களா? நான் கேட்டதே இல்ல. வீட்டுல அவரு அதிகம் பேச மாட்டாரு. நான் பேசுறதும் அவருக்குச் சரியா விழுகாது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும் வந்து, டீச்சர் இன்னைக்கு இப்படிச் சொல்லுச்சு, மாப்ள அப்படிச் சொன்னான்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. எனக்கு ஒண்ணும் புரியாது. ஆனா அன்னைக்கு ஒரு நாள்தான் வீட்டுல பேச்சுச் சத்தம் இருக்கும்."

என்னிடம் இரண்டு பதிப்பும் இருந்தன. கொஞ்சம் தயங்கிவிட்டு, பழையதைப் போட்டேன். அண்ணி கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, ஒரு பெரிய விஷயத்தைக் கேட்கிறவர் போலக் கேட்டார். முதல் பக்கம் முடியும்வரை அசையவில்லை. "அவரு இதைத்தான் நல்லாருக்குன்னு சொன்னாரா?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்சம் யோசித்தார். சொல்லலாமா வேண்டாமா என்று பார்த்தது போலிருந்தது.

"எனக்குத் தெளிவாவே இல்லையே டீச்சர். எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு கெடக்கே."

அத்தனை வருடம் நான் சொல்லிவந்ததும் அதுதான். அதைச் சொல்லிச் சிரித்திருக்கலாம், புதியதை எடுத்துப் போட்டிருக்கலாம். "இல்ல அண்ணி, அது சின்ன ரூமு. எல்லாரும் நெருக்கியடிச்சு உக்காந்து வாசிக்கிறாங்க, அதான் அப்படி. இன்னொரு தடவை கேளுங்க" என்றேன். என் குரல் உயர்ந்திருந்தது. அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது. சரி போடுங்க என்றார். மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

இருட்டுவதற்குள் போகவேண்டும் என்று பாதியில் எழுந்துகொண்டார். அடுத்த ஞாயிறு வாருங்கள் என்றேன். மகள் வீட்டோடு போகப்போவதாகவும், திருநகர் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தாகிவிட்டது என்றும், சொல்லிவிட்டுப் போகத்தான் வந்ததாகவும் அப்போதுதான் சொன்னார். ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. போய் உட்கார்ந்து மிச்சத்தைக் கேட்டேன்.