பதில் சொல்லும் நேரம்

வாவிக்கரையில் இருக்கும் எங்கள் கோயிலில், ஞாயிறு ஆராதனையின் நடுவே நன்றி சொல்லும் நேரம் ஒன்று உண்டு. யாராவது எழுந்து, அந்தக் கிழமை ஆண்டவர் தமக்குச் செய்ததை ஒரு வரியில் சொல்வார்கள். "உமது அன்பு ஒருநாளும் மாறாது" என்று சபை பதில் சொல்லும். பிறகு கண்களை மூடி அந்த அன்பைத் தியானிக்க வேண்டும். எனக்கும் மாமி மகனுக்கும் தியானம் பிடிபடவில்லை. பதிலை யார் முந்திச் சொல்வது என்பதில்தான் எங்கள் போட்டி. பெரியப்பா கிழமைதோறும் எழுந்து, முழங்கால் வலி குறைந்துவிட்டதாகச் சொல்வார். அடுத்த கிழமையும் அதே வலி குறைந்திருக்கும்.

எனக்கு ஒன்பது வயதானபோது, அண்ணன் நெல் வாங்கச் சைக்கிளில் வாவியின் மறுகரையான படுவான்கரைக்குப் போனான். திரும்பவில்லை. பொடியன்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த காலம் அது. அப்பா இராணுவ முகாம் ஒவ்வொன்றாக அலைந்தார்.

இரண்டாவது ஞாயிறு அம்மா எழுந்தாள். அதற்கு முன் அவள் எழுந்ததே இல்லை.

"என்ட மூத்தவன் வாவிக்கு அங்கால போனவன். பதினொரு நாளாப் போச்சு. இன்னும் வரல்ல."

சொல்லி முடித்தும் அவள் அமரவில்லை. சபை பேசாமல் இருந்தது. போதகர் புத்தகத்தைப் பார்த்தார். பெரியப்பா முழங்காலைத் தடவினார். மாமி மகன்கூட வாய் திறக்கவில்லை. முந்துவதற்கு இதைவிட நல்ல சமயம் வராது என்று, நான் மட்டும் கோயில் அதிரப் பதில் சொன்னேன்.

மாமி என் தொடையில் கிள்ளினாள். "வாயப் பொத்து புள்ள. நேரம் காலம் தெரியாதா?"

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகுதான் அமர்ந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான்தான் அவளை அழவைத்தேன் என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். அண்ணன் வரவேயில்லை.

போன ஞாயிறு அதே கோயிலில் நான் எழுந்தேன். மோட்டார் சைக்கிளில் போய் விழுந்த என் மகன் ஒன்பது நாளாகக் கண் திறக்கவில்லை என்று சொன்னேன். எல்லாரும் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தப் பதிலை நானே சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. அமரவும் முடியவில்லை. அம்மா அன்று எதற்காக அவ்வளவு நேரம் நின்றாள் என்று ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே ஒரு தாய், தன் பிள்ளையின் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.