வள்ளியூரில் கிடைத்த இரண்டு அறை வீடு

போன தவக்காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை. நான் முன்கூடத்தில் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். அதே நேரத்தில் என் கணவர் சூசை பின்கட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து, என்னைக் கூப்பிட்டுக்கொண்டே கிடந்திருக்கிறார். எனக்குக் கேட்கவே இல்லை. ஐம்பத்து மூன்று மணியும் சொல்லி, மன்றாட்டு மாலையும் சொல்லி முடித்து, காப்பி போட அடுக்களைக்குப் போன பிறகுதான் முனகல் சத்தம் காதில் விழுந்தது. அவ்வளவு பெரிய வீடு அது.

என் பெயர் ரெஜினா, எங்கள் ஊர் புன்னக்காயல். இவர் தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்துகிற தலைவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டுபோய் வந்த சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. மாடியும் கீழுமாக ஏழு அறைகள். இரண்டே பிள்ளைகளுக்கு ஏழு அறை எதற்கு என்று கேட்காதீர்கள். வீடு என்றால் ஊர் நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு அப்போது ஒரு கிறுக்கு. மகன் அருள் சென்னைக்கு வேலைக்குப் போனான். மகள் செல்வி கல்யாணமாகி வள்ளியூருக்குப் போனாள், அங்கே பள்ளிக்கூட டீச்சர். மிச்சம் நாங்கள் இரண்டு பேர்தான்.

இவருக்குத் தொடை எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. பிள்ளைகள் இருவரும் ஓடி வந்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே பேச்சு நடந்தது.

"யம்மா, இனிமே நீங்க அங்கன தனியா இருக்கது சரிப்படாது. வீட்ட வித்துருவோம். அப்பாவ நான் கூட்டிட்டுப் போயிருதேன்" என்றான் அருள்.

"அம்மா எங்கூட வரட்டும். பிள்ளைகளையும் பாத்துக்கிடுவா" என்றாள் செல்வி.

கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. இரண்டு பேர் வீட்டிலும் ஒருவருக்குத்தான் இடம் இருந்தது. எனக்குக் கல்யாணமாகி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இவர் கடலில் இருந்த நாட்களைக் கழித்துவிட்டால், நாங்கள் சேர்ந்து இருந்தது பாதிகூட இல்லை. இப்போதுதான் கரையேறி வீட்டோடு இருக்கிறார். இப்போது போய் ஆளுக்கொரு மூலையா? வாய் "சரி" என்று சொல்லிவிட்டது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வீடு இருந்தால்தானே சேர்ந்து இருப்போம் என்று எனக்கு நினைப்பு. அந்தோணியாருக்கு ஒன்பது செவ்வாய் நவநாள் தொடங்கினேன். வீடு கைவிட்டுப் போகாவிட்டால், இதே கூடத்தில் பதின்மூன்று ஏழைகளை உட்காரவைத்து அசனச் சோறு போடுகிறேன் என்று நேர்ச்சையும் வைத்தேன். எங்கள் கடற்கரையில் நேர்ச்சை என்றால், இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று பத்திரம் எழுதுவதுபோல் சொல்லிவிடுவோம். ஆட்டுக்கறியா கோழியா என்பதுவரை நான் முடிவு செய்து வைத்திருந்தேன்.

ஐந்தாவது செவ்வாய். மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தேன். கட்டிலில் படுத்தபடி இவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, என்ன கேக்க?"

"வீடு போகக்கூடாதுன்னு கேக்கேன்."

சிரித்துவிட்டார். "நல்லாருக்கு. வீடு சீக்கிரம் வெல போகணும்னு நான் கேட்டுக்கிட்டு கெடக்கேன். அந்தோணியார் பாவம், யாரு பக்கம் நிப்பாரு?"

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப உங்களுக்குச் சென்னைக்குப் போகணும், அப்படித்தான?"

"நான் எப்பம் அப்படிச் சொன்னேன்? இவ்வளவு பெரிய வீட்ட வச்சுக்கிட்டு நம்மால முடியலலா. சின்னதா ஒண்ணு கெடச்சா ரெண்டு பேரும் பைய இருந்துக்கிடலாம். நீ வீட்டக் கேட்டியே, என்னயக் கேட்டியா?"

சுருக்கென்று தைத்தது. ஐந்து செவ்வாயும் நான் கேட்டது சுவரையும் கூடத்தையும்தான். இவர் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. அன்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் சேர்ந்து செபித்தோம். எந்த ஊரானாலும் சரி, எத்தனை அறையானாலும் சரி, எங்களைப் பிரிக்காதேயும் என்று கேட்டோம். நேர்ச்சை எதுவும் வைக்கவில்லை. பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

மறுநாளே செல்வியிடம் சொன்னோம். அவள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இரண்டு அறை வீடு ஒன்று வாடகைக்குக் காலியாக இருந்தது. சொந்தக்காரர் பலசரக்குக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி. "வயசானவங்களுக்குக் குடுக்கதில்ல தாயி. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்லுதது?" என்று அனுப்பிவிட்டார். இன்னும் மூன்று வீடுகளில் கேட்டாள். எல்லா இடத்திலும் இதே பதில். ஈஸ்டர் முடிந்து வந்த வாரத்துக்கு அருள் ரயில் டிக்கெட் எடுத்துவிட்டான். அவனுக்கு ஒன்று, அவன் அப்பாவுக்கு ஒன்று. நான் இவருடைய சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைக்கத் தொடங்கினேன்.

ரயிலுக்கு மூன்று நாள் இருக்கும்போது செல்வியிடமிருந்து போன் வந்தது. பேசியது அவள் இல்லை, அந்த அண்ணாச்சி. அவராகவே அவள் வீட்டுக்கு வந்திருக்கிறார்.

"அம்மா, 'அப்பாவையும் அம்மாவையும் பிரிக்க மனசில்ல அண்ணாச்சி'ன்னு உங்க மக சொல்லிட்டுப் போனா. அன்னையிலருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடல. எங்கப்பா எங்கூட இருந்தாரு. அம்மா, எந்தம்பி வீட்ல. மூணு தெரு தள்ளித்தான். அவருக்கு நடக்க முடியாது, நாங்களும் கூட்டிட்டுப் போகல. அம்மா எறந்தன்னைக்குத்தான் ஆட்டோல கூட்டிட்டுப் போனோம். எறங்கினதும், 'இவ்வளவு பக்கத்துலயா இருந்தா'ன்னு கேட்டாரு. வீட்ட வெள்ளையடிக்கச் சொல்லிட்டேன். வாங்க."

போனை இவரிடம் கொடுத்துவிட்டேன். நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற அந்த மனிதரின் வாய்வழியாக ஆண்டவர் எங்களுக்குப் பதில் சொன்னார். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

பெரிய வீட்டைப் பக்கத்து வீட்டுக்காரரே வாங்கிக்கொண்டார். சாவியைக் கொடுக்கும்போது அழுதேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். எட்டுப் பேர் சாப்பிடுகிற மேஜை கோயிலுக்குப் போனது. புது வீட்டில் மாதா சுரூபத்துக்கும் டிவிக்கும் இடப் பிரச்சினை வந்தது. டிவி செல்வி வீட்டுக்குப் போனதில் இவருக்குக் கொஞ்ச நாள் வருத்தம். இப்போது பத்து நிமிடத்தில் வீட்டைப் பெருக்கி முடித்துவிடுகிறேன். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு நேரே இங்கே வருகிறார்கள். வீட்டைக் காட்டிப் பெருமை பேசிய அந்த ரெஜினா எங்கே போனாள் என்று எனக்கே தெரியவில்லை.

போன மாதம் குழாய் ஒழுகுவதைப் பார்க்க அண்ணாச்சி வந்தார். அந்த நேரம் மீன்குழம்பில் உப்புக் கூடிவிட்டதென்று இவரும், இல்லையென்று நானும் சண்டை. அவரைக் கண்டதும் நிறுத்திக்கொண்டோம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நிறுத்தாதீங்க. நான் சும்மா கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார். கண் கலங்கியிருந்தது.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பேச்சு வந்தால் பிள்ளைகள்மேல் கோபப்படாதீர்கள். முதலில் இரண்டு பேரும் பக்கத்தில் உட்காருங்கள். ஒருவர் பெயரை மற்றவர் சொல்லிக் கேளுங்கள். எங்களுக்குச் செவிகொடுத்தவர் உங்களுக்கும் கொடுப்பார். அவருக்கு நாங்கள் நன்றி சொல்கிறோம், ரெஜினாவும் சூசையும், சேர்ந்தே.