ஆபீசர் பார்க்கக் கையெழுத்து

ஊரில் வீடு வாங்க மைத்துனருக்குப் பவர் பத்திரம் கொடுக்க, இன்று துபாயில் இருக்கும் இந்தியக் கான்சுலேட்டுக்குப் போனேன். ராத்திரி ஊருக்கு விமானம் ஏறும் ரூம்காரர் காசிம் கையில் அதைச் சேர்க்காவிட்டால் வீடு வேறொருவருக்குப் போய்விடும்.

நாங்கள் தங்கியிருக்கும் அல் கூஸ் தொழிலாளர் கேம்பில் சட்டப்புலி நான்தான். நேற்றே ரூம்காரர்களைக் கூட்டி வைத்து, பத்திரத்தில் பக்கத்துக்குப் பக்கம் கம்பீரமாகக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

ஆபீசர் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார். "செல்லாது. எங்க முன்னாடிதான் சைன் போடணும்."

"சத்தியமா என் கையெழுத்துதான் சார்."

"புதுசா டைப் பண்ணிட்டு வாங்க."

டைப்பிங் கடைக்கு ஓடினேன். கவுண்டர் மூடுவதற்குள் திரும்பி வந்து, அவர் பார்க்கப் பார்க்கக் கையெழுத்துப் போட்டேன். முத்திரை விழுந்தது.

ரூமில் பெட்டியோடு காத்திருந்த காசிம் பத்திரத்தை வாங்கிக்கொண்டே கேட்டார், "ஏன் மாமா இவ்வளவு நேரம்?"

"நான் கையெழுத்துப் போடுற அழகை நேர்ல பார்க்கணும்னு ஆபீசர் ஒரே பிடிவாதம்."

சட்ட ஆலோசனை வேண்டுவோர் தாராளமாகக் கேட்கலாம். கையெழுத்து மட்டும் போடாமல் வாருங்கள்.