டேங்கு நிறைய டீசல், பம்புக்கு வலுவில்லை

இன்று களியக்காவிளைக்குப் போய் டேங்கை நிறைத்தேன். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், டீசல் விலை குறைவு. பாறசாலையில் எல்லோரும் செய்வதுதான்.

திரும்பும்போது ஏற்றத்தில் கார் இழுக்காமல் நின்றுவிட்டது. கூடப் படித்த மெக்கானிக் ஸ்டீபன் வந்து டீசல் குழாயில் அழுத்தம் பார்க்கும் மீட்டரை மாட்டினான். எஞ்சின் சும்மா ஓடும்போது முள் இறங்காமல் நின்றது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் விழுந்தது.

"ஃபில்டர் புதுசு. அப்போ டேங்குக்குள்ள உள்ள பம்புக்குத்தான் வலு இல்ல. எப்பவும் டேங்கு வற்றுற வரைக்கும் ஓட்டுவியா மக்கா?"

"அங்க போய் நிறைக்கலாம்னு வச்சிருப்பேன்."

"பம்பு டீசலுல முங்கிக் கிடந்தாத்தான் சூடாவாது. அது இல்லாம தளந்ததாக்கும்."

"இன்னைக்கு நிறைச்சாச்சே."

"இனி நிறைச்சு என்னத்துக்கு? பம்பைக் கழத்தணும்னா அம்புட்டையும் வெளிய எடுக்கணும். புதுசு வர ரெண்டு நாளாவும்."

காரைக் கட்டி வீட்டுக்கு இழுத்து வந்து டீசலை இறக்கினோம். வீட்டிலிருந்த கேன்கள் போதவில்லை. மனைவி என் முகத்தைப் பார்க்காமல் துணி ஊறவைக்கும் வாளியை நீட்டினாள்.

நாளைக் காலை அப்பாவுக்கு டயாலிசிஸ் உண்டு. காரக்கோணம் ஆஸ்பத்திரிப் பக்கம் டீசல் காரில் போகிறவர்கள் யாராவது உண்டா? இரண்டு பேருக்கு இடம் போதும்.

டீசல் என் பொறுப்பு.